கழுதை திரும்பிவந்த பதிப்பு

ஒரு கழுதை செத்துப்போனதற்கு இத்தனை பேர் மல்லுக்கு நிற்பார்கள் என்று கதைக்காரி கனவிலும் நினைக்கவில்லை. அதுவும் நிஜக் கழுதை இல்லை. அவள் எழுதிய சிறுவர் நாவலில், முதல் பக்கத்தில் ஒற்றைக் காதோடு வந்து கடைசி அத்தியாயத்தில் ஆற்றங்கரையில் விழுந்து சாகிற காகிதக் கழுதை. "பிள்ளைகள் படிக்கிற புத்தகத்தில் சாவு எதற்கு? என் மகன் ராத்திரி சாப்பிடாமல் படுத்துவிட்டான். இந்த அம்மாவுக்குப் பிள்ளைகுட்டி உண்டா இல்லையா?" என்று ஒரு தாய், இணையப் புத்தகக்கடையில் ஒற்றை நட்சத்திரத்தைப் போட்டு எழுதியிருந்தாள். சாகசமெல்லாம் பிரமாதம், முடிவு மட்டும் மகா மட்டம் என்றார் ஒரு வாத்தியார். முடிவுதான் ஐயா புத்தகமே, உங்களுக்கு வேண்டுமானால் கடைசிப் பக்கங்களைக் கிழித்துவிட்டுப் படியுங்கள் என்று அவர்மேல் பாய்ந்தாள் ஒரு கல்லூரிப் பெண். நடுவில் ஒரு சிறுமி, அப்பாவின் கைபேசியிலிருந்து: "எங்க பூனை செத்தப்ப எல்லாரும் அது ஊருக்குப் போச்சுன்னு சொன்னாங்க. இந்தப் புக்கு மட்டும்தான் பொய் சொல்லல."

கதைக்காரி என்பது அவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் அவளுக்கு வைத்த பெயர். கடையின் பின்னறையில், ஜன்னல் இல்லாத இடத்தில், சாணைச் சக்கரத்துக்கு முன்னால் அவள் நாளெல்லாம் உட்கார்ந்திருப்பாள். மருத்துவர் எழுதிக்கொடுத்த பவருக்கு வட்டமாக வந்திறங்கும் லென்ஸை, வாடிக்கையாளர் தேர்ந்தெடுத்த ஃபிரேமின் வடிவத்துக்கு ஓரம் தேய்த்துப் பொருத்துவது அவள் வேலை. கொஞ்சம் கூடுதலாகத் தேய்த்தால் லென்ஸ் கழன்று விழும், குறைத்துத் தேய்த்தால் உட்காராது. சக்கரத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்க, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு நிமிஷத்துக்கொரு தரம் கைபேசியை எடுத்துப் பார்ப்பாள். "என்ன கதைக்காரி, கழுதை எழுந்திருச்சா?" என்று முதலாளி முன்னறையிலிருந்து குரல் கொடுப்பார். கடையே சிரிக்கும். அவளும் சிரிப்பாள், வேறென்ன செய்வது.

கதை இதுதான். ஒரு ஊரில் இருட்டைத் திருடிக்கொண்டு போய்விடுகிறார்கள். சூரியன் இறங்குவதே இல்லை, ஒருவருக்கும் தூக்கம் இல்லை, ஊரே பைத்தியம் பிடித்து அலைகிறது. ஒரு சிறுமியும் ஒற்றைக் காது கழுதையும் கிளம்பிப் போய், மலைகளைத் தாண்டி, திருடர்களை ஏமாற்றி, இருட்டைச் சாக்கில் கட்டி எடுத்து வருகிறார்கள். ஊர் எல்லையில் இருக்கும் வெளிச்ச ஆற்றை இருட்டுச் சாக்கோடு கடந்தால் உயிர் தங்காது. கழுதை கடக்கிறது. சிறுமி கரையில் சாக்கை அவிழ்க்கிறாள், ஊருக்கு ராத்திரி வருகிறது, எல்லோரும் தூங்குகிறார்கள். அவள் மட்டும் செத்த கழுதை பக்கத்தில் விழித்திருக்கிறாள். புத்தகம் அங்கே முடிகிறது.

அந்த முடிவு அவளுக்கு எளிதில் வரவில்லை. எட்டு வயதில் அவளுடைய தம்பியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தவர்களிடம் தம்பி இல்லை. "மாமா வீட்டுக்குப் போயிருக்கான், லீவு முடிஞ்சதும் வந்துடுவான்" என்றாள் அம்மா. அப்பாவும் அதையே சொன்னார், அத்தைகளும் சொன்னார்கள். அவள் அவனுடைய பென்சில்களையெல்லாம் சீவி வைத்துவிட்டு வாசலில் காத்திருந்தாள். லீவு முடிந்தது, பள்ளிக்கூடமும் திறந்தது. கடைசியில் தெருவில் பாண்டி விளையாடும்போது பக்கத்து வீட்டுப் பெண், "உன் தம்பிதான் செத்துட்டானே, எங்க வீட்ல எல்லாருக்கும் தெரியும்" என்று கல்லை எறிந்துகொண்டே சொன்னாள். வீட்டில் எல்லோருக்கும் அவள்மேல் கொள்ளைப் பிரியம். அத்தனை பேரும் சேர்ந்து அவளை மடச்சியாக்கினார்கள். அந்த ஆத்திரம் அவளுக்கு இன்றுவரை ஆறவில்லை.

அப்படிப்பட்டவளே முதலில் எழுதியபோது கழுதையைப் பிழைக்க வைத்துத்தான் எழுதினாள். விடியற்காலையில் நொண்டிக்கொண்டே வீட்டு வாசலில் வந்து நிற்கும். அந்தப் பிரதியைச் சாயங்காலங்களில் கணவருக்குப் படித்தும் காட்டினாள். பிறகு அவளுக்கே அது சகிக்கவில்லை. நானும் அம்மா மாதிரியே புளுகுகிறேனே என்று வெட்கமாக இருந்தது. கிழித்துப்போட்டுவிட்டு, மாதக்கணக்கில் தனியாக உட்கார்ந்து, கழுதையைச் சாகவிட்டாள்.

கணவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவர். ஊருக்கெல்லாம் மாஸ்டர். கிளட்சை மிதிக்கத் தெரியாதவர்களை வைத்துக்கொண்டு நாளெல்லாம் தெருத்தெருவாகப் போராடியும் யாரையும் ஒரு கடுஞ்சொல் சொல்லாத மனுஷர். புத்தகம் அச்சாகி வந்ததும் ஒரு பிரதியை அவளிடமிருந்து கேட்டு வாங்கி, பயிற்சிக் காரின் முன்கண்ணாடிக்குக் கீழே அட்டை தெரிய வைத்தார். உட்காருகிறவர்களிடமெல்லாம், "நம்ம வீட்டம்மா எழுதினது" என்பார். அதைக் கேட்டு அவளுக்கு உச்சி குளிர்ந்தது.

கழுதை செத்தது சரி, தப்பு என்று இரண்டு கட்சி அடித்துக்கொண்டிருந்தபோது, திடுதிப்பென்று மூன்றாவது கட்சி ஒன்று முளைத்தது. "கழுதை வீடு திரும்பும் காட்சியில் கண் கலங்கிவிட்டேன்." ஐந்து நட்சத்திரம். "கடைசியில் கழுதை வந்து நிற்கும்போது மனம் நிறைந்தது." ஐந்து நட்சத்திரம். கதைக்காரி சக்கரத்தை நிறுத்திவிட்டு யோசித்தாள். கழுதைதான் ஆற்றங்கரையிலேயே கிடக்கிறதே, எங்கே திரும்புகிறது? யோசிக்க யோசிக்க அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. கழுதை சுமந்த இருட்டுதான் ஊரின்மேல் இறங்குகிறது. அப்படியானால் ஒவ்வொரு ராத்திரியும் அந்தக் கழுதைதானே வீட்டுக்கு வருகிறது. அடேயப்பா, எழுதினவளுக்கே தோன்றாததை எவ்வளவு சாதாரணமாக ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகிறார்கள். அன்றைக்கு அவள் கால் தரையில் பாவவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மாஸ்டரிடம் ஒன்று விடாமல் சொன்னாள். அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ஜனங்க இப்பல்லாம் ஆழமாப் படிக்கிறாங்கம்மா" என்றார்.

"எனக்கே தெரியலங்க, பாருங்களேன். நான் சாகடிச்சேன்னு நினைச்சுட்டு இருந்தேன்."

"சரி சரி, சாப்பிடு" என்றார் அவர். அவள் சொன்னது எதுவும் அவர் காதில் ஏறவில்லை என்பது அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் பதிப்பாளர் கூப்பிட்டனுப்பினார். கட்டுக்கட்டாகப் புத்தகங்களுக்கு நடுவே ஒரு நாற்காலியைத் தேடி எடுத்துத் துடைத்துப் போட்டார். அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. தாம் போடும் புத்தகங்களை அவர் படிக்கமாட்டார், அவற்றைப் பற்றி வரும் கருத்துகளை மட்டும் வரிவரியாகப் படிப்பார். புத்தகம் எழுத்தாளருடைய சமாச்சாரம், கருத்துதான் வியாபாரம் என்பார்.

"முதல் பதிப்பு காலி. பள்ளிக்கூட நூலகங்களுக்கு மொத்தமா எடுக்கறேன்னு கேட்கிறாங்க. ஆனா கழுதை சாகக் கூடாதாம்" என்றார்.

"செத்தது செத்ததுதானே சார்."

"அதைத்தான் நானும் நினைச்சேன். அப்புறம் கருத்தையெல்லாம் உட்கார்ந்து பார்த்தா, நல்லா இருக்குன்னு சொன்னவங்கள்ல முக்கால்வாசிப் பேர் கழுதை திரும்பி வருதுன்னே படிச்சிருக்காங்க. நீங்க ஒருத்தர்தான் செத்துடுச்சுன்னு பிடிவாதம் பிடிக்கிறீங்க."

"அவங்க சொல்றது வேற அர்த்தத்துல சார்."

"எந்த அர்த்தத்துலயா இருந்தா என்ன? ஒரே ஒரு பக்கம் சேர்த்து எழுதுங்க. இல்லைன்னா ரெண்டாவது பதிப்பு கிடையாது, அவ்வளவுதான். என்னைக் கோவிச்சுக்காதீங்க."

திரும்பி வரும் வழியெல்லாம் பேருந்தில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே அவள் முடிவெடுத்துவிட்டாள். மாற்ற மாட்டேன். முதல் பதிப்போடு முடிந்தால் முடியட்டும், பூனை செத்த அந்தப் பிள்ளை ஒருத்திக்கு எழுதியதாக இருந்துவிட்டுப் போகட்டும். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் நிமிர்ந்து நின்றாள்.

இரண்டு நாள் கழித்து வங்கியில் வேலை பார்க்கும் ஓர் அம்மாள் கடைக்கு வந்தாள். ஐம்பது வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறவள். ஓட்டுநர் உரிமத்துக்குக் கண் பரிசோதனை செய்ததில் தூரப்பார்வை மங்கல் என்று சொல்லிவிட்டார்களாம், கண்ணாடி போட்டுத்தான் தீரவேண்டும். ஃபிரேம் முகத்தில் சரியாக உட்காரவில்லை என்று கதைக்காரியை முன்னறைக்குக் கூப்பிட்டார்கள். காதுக்குப் பின்னால் கம்பியை வளைத்துப் பொருத்திக்கொண்டிருக்கும்போது அந்த அம்மாள் முகமெல்லாம் மலர்ந்தாள்.

"நீங்க நம்ம மாஸ்டரோட வீட்டம்மாதானே? காருக்குள்ள உங்க புத்தகம் இருக்குமே. நான்கூட அதுக்கு அஞ்சு நட்சத்திரம் போட்டேன்."

"படிச்சீங்களா?"

"எனக்கு எங்கம்மா நேரம்? பின்சீட்டுல நம்ம முறை வர்றவரைக்கும் சும்மாதானே உட்கார்ந்திருக்கோம். மாஸ்டர்தான் அவ்வளவு ஆசையாச் சொல்லுவார். 'கழுதை கடைசியில வீட்டுக்கு வந்துடும்மா, அதை எழுதுங்க'ன்னு. அவர் சொல்லச் சொல்ல அப்படியே எழுதினோம். எல்லாரும்தான் போட்டோம். ரிவர்ஸ் எடுக்கத் தெரியாத அந்தத் தம்பிகூடப் போட்டுச்சு." அந்த அம்மாள் கண்ணாடியில் முகம் பார்த்துக்கொண்டு சிரித்தாள். "பொண்டாட்டிக்காக இப்படி மெனக்கெடற மனுஷனை நான் பார்த்ததே இல்லை. நீங்க கொடுத்து வெச்சவங்க."

கதைக்காரி கம்பியைக் கூடுதலாக வளைத்துவிட்டாள். "காது வலிக்குதும்மா" என்றாள் அந்த அம்மாள். கதைக்காரி ஃபிரேமைக் கழற்றிக்கொண்டு பின்னறைக்கு வந்தாள். அவமானத்தில் காதெல்லாம் பற்றி எரிந்தது. என்னென்னவோ அர்த்தம் கற்பித்து, மயிர்க்கூச்செறிந்து, பதிப்பாளரிடம் வேறு 'வேற அர்த்தத்துல' என்று வாதாடி! அர்த்தமுமில்லை ஒரு மண்ணுமில்லை. சிக்னலில் வண்டி நின்ற நேரத்தில் எழுதிய புளுகு.

சாயங்காலம் அவளை ஏற்றிக்கொள்ள மாஸ்டர் காரோடு வந்தார். அவள் முன்னால் ஏறி, கண்ணாடிக்குக் கீழே இருந்த புத்தகத்தைக் கையில் எடுத்தாள். அச்சகத்தில் ஒட்டி அனுப்பிய பிளாஸ்டிக் உறை அப்படியே பிரிக்காமல் இருந்தது. வெயிலில் ஓரம் மட்டும் சுருங்கியிருந்தது.

"நீங்க இதைப் படிக்கவே இல்லையா?"

மாஸ்டர் இண்டிகேட்டரைப் போட்டார், அணைத்தார். "நீதான் படிச்சுக் காட்டினியே."

"அது பழசு. அதை நான் கிழிச்சுப் போட்டுட்டேன். இதுல கழுதை செத்துடுது."

அவர் சட்டென்று திரும்பினார். "கழுதை செத்துடுச்சா?"

ஊரெல்லாம் அடித்துக்கொள்ளும் விஷயம் அவருக்கு அப்போதுதான் தெரிகிறது. அவர் முகத்தில் வந்த அதிர்ச்சியில் சூதுவாது இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது.

"உனக்காகத்தானே செஞ்சேன். ஒருத்தி உனக்குப் பிள்ளைகுட்டி உண்டான்னு எழுதிட்டான்னு மட்டும் சொல்லிட்டு, நீ ஒரு நாள் முழுக்க சாப்பிடலை. எனக்கு மனசு கேட்கல."

"அவளாவது படிச்சுட்டுத் திட்டினா. நீங்க படிக்காமப் பாராட்டினீங்க."

"நான் பாராட்டினதுல உனக்குச் சந்தோஷமா இருந்துச்சா இல்லையா?"

இருந்தது என்பதுதான் உண்மை. அதனால்தான் அவளுக்கு ஆத்திரம் ஆறவில்லை.

அத்தோடு போயிருக்கும். அந்தக் கல்லூரிப் பெண் சும்மா இருக்கவில்லை. புத்தகத்தின் கட்சி என்று முதல் நாளிலிருந்து சண்டை போட்டவள் அவள்தான். "கழுதை திரும்பி வருகிறது என்று எழுதுகிறவர்கள் யார்? புத்தகத்தில் அப்படி ஒரு காட்சியே இல்லை. இவர்கள் பெயரைத் தட்டிப் பார்த்தேன். இந்தப் புத்தகத்துக்கும் ஒரு ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக்கும் மட்டும் ஐந்து நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள். இது என்ன கூத்து?" என்று எழுதிவிட்டாள். அவளுக்குக் கதைக்காரியின் வீட்டுக் கதை தெரியாது. தெரிந்துகொள்ள இன்னும் இரண்டு தட்டுத் தட்டினால் போதும்.

மறுநாளே பதிப்பாளரிடமிருந்து அழைப்பு வந்தது. கோபமே இல்லாத குரல்.

"உங்க வீட்டுக்காரர் வேலையாம்மா?"

"ஆமா சார். நான் எல்லாத்தையும் சொல்லி மன்னிப்புக் கேட்டு எழுதிடறேன்."

"அவசரப்படாதீங்க. எழுதினா உங்களோட போகாது. படிக்காத புத்தகத்துக்குப் பொய்க் கருத்து போட வெச்ச ஆளு, தன் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் என்ன போட்டிருப்பாருன்னு கேட்பாங்க. அவர் பள்ளி நடத்தறதுக்கு ஒரு உரிமம் இருக்கு, அதைப் பறிக்க ஒரு அலுவலகம் இருக்கு. யாராவது ஒரு புகார் தட்டிவிட்டா போதும்." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சுலபமான வழி ஒண்ணு இருக்கு. கழுதையைத் திரும்பி வரவெச்சுடுங்க. திருத்திய பதிப்பு, சில வாசகர்களுக்கு முன்கூட்டியே படிக்கக் கொடுத்தோம்னு நான் ஒரு அறிவிப்பு போட்டுடறேன். புத்தகம் வந்துடுச்சுன்னா அந்தக் கருத்தெல்லாம் தன்னால சரியாயிடும். கழுதையா, வீட்டுக்காரரா, நீங்களே பார்த்துக்குங்க."

அவள் கைபேசியை வைத்துவிட்டுச் சாணைச் சக்கரத்துக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். கெட்டவர் ஒருவர் எதிரில் இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பாள். இங்கே யாரும் கெட்டவர் இல்லை. எல்லோரும் அவள் நல்லதுக்குத்தான் சொல்கிறார்கள், அன்றைக்கு அம்மா சொன்ன மாதிரி.

மாஸ்டரிடம் அவள் எதையும் சொல்லவில்லை. சொன்னால் மனுஷர் நேராகப் போய்க் குற்றத்தை ஒப்புக்கொள்வார், நாளைக்குப் பயிற்சிக் காரை விற்றுவிட்டு நிற்பார். சாப்பாட்டு இடைவேளையில், லென்ஸ் உறையைத் திருப்பிப் போட்டு அதன் மேலேயே எழுதத் தொடங்கினாள். விடிந்தது, ஒற்றைக் காது தெரிந்தது, கழுதை நொண்டிக்கொண்டே வாசலுக்கு வந்தது. செத்த கழுதையை எழுத மாதக்கணக்கில் ஆனது. இது சாப்பாடு ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. படித்துப் பார்த்தாள், நன்றாக வேறு இருந்தது. தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. அப்படியே படமெடுத்துப் பதிப்பாளருக்கு அனுப்பிவிட்டு, கை கழுவிக்கொண்டு வந்து அடுத்த லென்ஸை எடுத்தாள்.

அதற்கப்புறம் வீட்டில் பேச்சு குறைந்துபோயிற்று. மாஸ்டர் அவள் முகத்தைப் பார்ப்பதும் தலையைக் குனிந்துகொள்வதுமாக இருந்தார். மன்னிப்புக் கேட்கத் தெரியாதவர், பாத்திரங்களைக் கழுவிவைத்தார், துணிகளை மடித்தார். அவள் அதையெல்லாம் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள்.

ஒரு நாள் நடுப்பகலில் அவர் கடைக்கு வந்தார். வகுப்பு நேரத்தில் அவர் எங்கும் வருகிற ஆள் இல்லை. வெளியே காரில் ஒரு மாணவி உட்கார்ந்திருப்பது கண்ணாடிக் கதவு வழியாகத் தெரிந்தது. முதலாளியைத் தாண்டிக்கொண்டு நேராகப் பின்னறைக்குள் வந்து, அவள் எதிரில் நின்றார். கண் சிவந்து வீங்கியிருந்தது.

"படிச்சுட்டேன்" என்றார். "காலையிலேருந்து வகுப்பு எடுக்கல. வண்டியை ஓரங்கட்டிட்டு உட்கார்ந்து படிச்சேன்."

அவள் சக்கரத்தை நிறுத்தினாள்.

"அந்தப் பொண்ணு கழுதை பக்கத்துல முழிச்சுட்டே இருக்கே, ஊரெல்லாம் தூங்குது, அதுகிட்ட ஒருத்தரும் எதுவும் சொல்லல..." குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார். "அது நீதானே? உன் தம்பி போனப்ப நீ அப்படித்தான் இருந்தியா? இத்தனை வருஷமா நான் ஒரு வார்த்தை கேட்டதில்லையே."

பிள்ளை மாதிரி அழுதார். ஈரத் தரையில் நின்றுகொண்டு, கண்ணாடித் தூள் ஒட்டிய மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு அழுதார். இந்த ஓர் ஆளுக்கு இது புரிய வேண்டும் என்றுதான் அவள் அதை எழுதினாள். இப்போது புரிந்துவிட்டது. அவரை அணைத்துக்கொள்ளவும் தோன்றியது, கன்னத்தில் ஓங்கி அறையவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அந்தக் கடைசி அத்தியாயத்துல யாரையும் கை வைக்க விடாதே" என்றார் மாஸ்டர், முகத்தைத் துடைத்துக்கொண்டு. "யார் கேட்டாலும் மாத்தித் தராதே. நான் போய் எல்லார்கிட்டயும் ஒத்துக்கறேன், பொய்தான் எழுத வெச்சேன்னு சொல்லிடறேன். என் பேர் நாறினா நாறட்டும், பள்ளிக்கூடம் போனா போகட்டும்."

"நேத்தே அச்சாயிடுச்சுங்க."

"என்ன அச்சாயிடுச்சு?"

"ரெண்டாவது பதிப்பு. கழுதை வீட்டுக்கு வந்துடுது. நான்தான் எழுதிக் கொடுத்தேன்." அவள் அவரைப் பார்க்காமல் லென்ஸை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஓரத்தைப் பார்த்தாள். "நீங்க யார்கிட்டயும் போய் ஒண்ணும் ஒத்துக்க வேண்டாம். நீங்க சொல்லி எழுத வெச்சது எதுவும் இனிமே பொய் இல்ல."

வெளியே காரில் இருந்த மாணவி ஒரு தரம் ஹாரனை அடித்தாள். மாஸ்டர் நகரவில்லை. கதைக்காரி சக்கரத்தை மறுபடி ஓடவிட்டாள்.